புங்கம்பாளையத்துக்கு மேலே

ஜனவரி 21

விமானம் வாங்கிவிட்டேன். பொம்மை இல்லை, நிஜ விமானம். நாலு பேர் உட்காரலாம், நாலாவது ஆள் ஒல்லியாக இருந்தால்.

மூடிப்போன ஒரு பறக்கும் பள்ளியின் கொட்டகையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. சக்கரத்தில் காற்று இல்லை. இறக்கைக்கு அடியில் புறா கூடு கட்டியிருந்தது. பறக்கத் தெரிந்த ஜீவன் ஒன்றே நம்பிக் குடியேறியிருக்கிறது என்றால் நல்ல வண்டியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழிப்பண்ணைக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்?

விலைப் பேச்சு வந்ததும் மாட்டுச்சந்தைப் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போர்த்திப் பள்ளிக்காரர் பக்கம் நீட்டினேன். எங்கள் பக்கம் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது. டை கட்டிய அந்த மனிதர் எனக்குக் கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து முதலுதவிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். அவ்வளவு நல்ல மனிதரிடம் என்ன பேரம் பேசுவது? சொன்ன விலைக்கே வாங்கினேன்.

இனிமேல்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 22

சிந்தாமணியிடம் சொன்னேன். என் மனைவி ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பாள் என்று வழியெல்லாம் பதில் தயாரித்து வந்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"யானையக் கட்டித் தீனி போடறதுன்னு கேட்டிருக்கறனுங்க. இது யானைக்கும் மேல போகுமாட்ட இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து இன்னொரு சொல்லும் வந்தது. "கோழி வளத்தறவரு பறக்கற கோழி வாங்கியிருக்கறாரு."

இன்றிலிருந்து விமானத்துக்குப் பெயர் 'உங்க கோழி'.

பிப்ரவரி 9

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அதனால் இதை எழுதி வைத்துவிடுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் என் மகள் சுகந்தி எங்கள் சாதியில்லாத ஒரு பையனைக் கட்டிக்கொண்டு புங்கம்பாளையம் போய்விட்டாள். ஒரே மகள். அன்றைக்குப் பத்துப் பேர் நடுவில் நின்று, "அந்த ஊரு மண்ண மிதிச்சா நான் மனுசனில்ல" என்றேன். மிதிக்கவில்லை. அந்த வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறியதில்லை.

இதற்கும் விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருக்கிறது என்று பேசுகிறவர்கள் மண்ணுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்.

மார்ச் 4

விமானம் லாரியில் வந்து சேர்ந்தது. பறக்க வேண்டிய சாமான் லாரியில் படுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது. மில்காரர் ஒருவர் எங்களூருக்கு வெளியே தனக்காகப் போட்ட ஓடுதளத்தில் ஒரு கொட்டகையை எனக்கு விட்டிருக்கிறார். இறக்கைகளைப் பூட்டி நிறுத்தினோம். பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. முதல் வேலை பெயிண்ட்.

மார்ச் 7

திருச்செங்கோட்டிலிருந்து செல்லப்பன் வந்தார். லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிப்பதில் கை தேர்ந்தவர். விமானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "ஹாரன் எங்கீங்க?" என்றார்.

"ஹாரன் கெடையாதுங்க."

"அப்ப எதுக்கால வர்றவனுக்கு எப்பிடிங்க தெரியும்?"

வாலில் பூதமுகம் வரைய வேண்டும் என்கிறார். அதற்குக் கீழே பின்னால் வருகிறவருக்குப் புத்தி சொல்லி இரண்டு வரி எழுத வேண்டுமாம். வானத்தில் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்றேன். "வந்துட்டா?" என்றார்.

மார்ச் 15

நாசமாய்ப் போயிற்று. நானும் செல்லப்பனும் யோசித்து, நெளிவுக்கெல்லாம் லாரிக்குப் போடுவது போலப் பட்டி பார்த்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தோம். பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க, செவுரா? இவ்ளோ எடையோட ஏறாது. ஏறுனாலும் நேரா எறங்காது."

எல்லாவற்றையும் சுரண்டச் சொல்லிவிட்டார். நாளை முதல் சுரண்டல். கூலிக்கு ஆள் வைக்கலாம். ஆனால் பட்டி பார்க்கச் சொன்ன புண்ணியவானே சுரண்டுவதுதான் முறை என்று சிந்தாமணி தீர்ப்பு சொன்னாள்.

மார்ச் 16

சுரண்டினேன்.

மார்ச் 24

சுரண்டினேன். வலது கை சாப்பாட்டுத் தட்டுக்கே எழும்ப மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 6

மெல்லிய பெயிண்ட், மேலே வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு. அடிவயிற்றுக்கும் இறக்கைகளின் அடிப்பக்கத்துக்கும் மட்டும் நல்ல மஞ்சள், கல்யாண வீட்டு மஞ்சள்.

"அடியில எதுக்குங்க இத்தன பளிச்சுனு? யாரு கீழ படுத்துப் பாக்கப் போறா?" என்றார் செல்லப்பன்.

"அழுக்குத் தெரியாதுன்னு."

"மஞ்சள்லதானுங்க அழுக்கு நல்லாத் தெரியும்."

வேலையைப் பாருங்க என்றேன்.

வீட்டில் சிந்தாமணி என் சட்டையில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்குச் சின்னதுல இந்த மஞ்சள்னா உசுரு" என்றாள். எந்தப் புள்ளை என்று நான் கேட்கவில்லை. கோடிக்கணக்கான பேருக்கு மஞ்சள் பிடிக்கும்.

ஏப்ரல் 20

என் குரு வந்து சேர்ந்தார். கேப்டன் ஹெப்சிபா, தூத்துக்குடிக்காரப் பெண். சுகந்தி வயசுதான் இருக்கும். என் வேட்டியைப் பார்த்து, "இதக் கட்டிக்கிட்டா ஸார் ஓட்டப் போறீங்க? பெடல்ல சுத்திக்கிட்டா ரெண்டு பேரும் பரலோகம்தான்" என்றார். பேண்ட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அதுவரை மடித்துக் கட்ட அனுமதி.

ஏப்ரல் 27

பறந்தேன்!

நான் ஓட்டவில்லை, ஹெப்சிபாதான். நான் சும்மா கையை வைத்திருந்தேன், சாமி சப்பரத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறவன் மாதிரி. சக்கரத்தின் தடதடப்பு திடீரென்று நின்றதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயசில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மேலிருந்து ஊரின் குட்டெல்லாம் வெளிப்பட்டது. யார் வேலி யார் காட்டுக்குள் நகர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. "தண்ணியே இல்லைங்க, மோட்டாரு காத்துத்தான் குடிக்குது" என்று வாரா வாரம் என்னிடம் அழுகிற பங்காளியின் கிணறு ததும்பிக்கொண்டிருந்தது.

ஜூன் 1

இப்போது நேராகப் பறக்க வருகிறது. திரும்பவும் வருகிறது. இறக்குவது மட்டும் வரவில்லை. இன்று மூன்று முறை குதித்துக் குதித்து இறங்கினேன். "ஒரு தடவ எறங்குனா போதும் ஸார்" என்றார் ஹெப்சிபா.

ஜூன் 15

காற்று தெற்கே இழுத்ததால் புங்கம்பாளையம் பக்கம் போக வேண்டியதாயிற்று.

ஜூன் 22

மறுபடியும் காற்று.

ஜூலை 6

கிளம்பும் முன் எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்று ஹெப்சிபா எழுதி அனுமதி வாங்க வேண்டும். இன்று பேனாவை வைத்துவிட்டு, "உலகத்துல நாலு தெச இருக்கு ஸார்" என்றார்.

"தெற்கதான் மேடு பள்ளம் இல்லாம இருக்குதும்மா."

"வானத்துலயா ஸார்?"

ஆகஸ்ட் 11

சாப்பிடும்போது சிந்தாமணி சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடவாப்பல்லு மொளைச்சிருக்குதாமா. ராவெல்லாம் அழுகையாமா" என்றாள்.

"யாருக்கு?"

"யாருக்கோ."

இரண்டு வாய் போனது. "பையனா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியவில்லை.

"பையன்தான். ரெண்டு வயசாகப் போகுது" என்று ரசம் ஊற்றினாள். ரசத்தில் உப்பு அதிகம்.

செப்டம்பர் 7

நான் கிளம்பும்போது சிந்தாமணி வாசல்வரை வந்தாள். வழக்கமில்லை.

"இந்நேரத்துல போகாதீங்க. பதினோரு மணிக்கு மேல போங்க."

"ஏன்?"

"அப்பத்தான் மாடில வெயில் வருமாமா."

"எந்த மாடில?"

"பொதுவாச் சொன்னனுங்க. துணி காயப் போடறவங்களுக்கு."

காற்று சரியில்லாததால் பதினோரு மணிக்கு மேல்தான் கிளம்பினோம். புங்கம்பாளையத்தின் கிழக்கு ஓரத்தில் நீலத் தொட்டி வைத்த ஒரு மாடி. ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காலைச் சுற்றி ஒரு பொடியன். விமானம் தலைக்கு மேல் வந்ததும் அவள் அண்ணாந்து பார்த்து, கையை மேலே தூக்கி, அப்படியே வைத்திருந்தாள்.

துணி உலர்த்துகிற பெண்கள் கையைத் தூக்குவது சகஜம். கொடி உயரத்தில் இருந்திருக்கும்.

"யாருக்கோ கை காட்டுதாங்க ஸார். எறக்கைய ஆட்டுங்க" என்றார் ஹெப்சிபா. ஆட்டினேன். பயிற்சிக்கு நல்லது. கீழே பொடியன் குதித்தான்.

திரும்பும் வழி முழுக்கக் கண்ணில் தண்ணீர். விமானத்தின் சன்னல் சரியாக மூடுவதில்லை, தூசி வருகிறது. இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

சிந்தாமணி முதல் முறையாகக் கொட்டகைக்கு வந்தாள். ஒரு சொம்புச் சந்தனம், குங்குமம், பொரி, ஒரு பூசணிக்காய். விமானத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது கோழி" என்றாள். எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

பண்ணையில் தீவன மெஷினிலிருந்து தராசுவரை அவள் கைதான் பொட்டு வைக்கும். இங்கேயும் ஒன்றையும் விடவில்லை. முன்னால் சுழல்கிற விசிறிக்கு, சக்கரத்துக்கு, கதவுக்கு, தீயணைப்பு உருளைக்கு எல்லாம் பொட்டு. விமானத்தின் இடப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதைக் கண்டதும் நின்றாள்.

"மூக்குத்தி போடற ஓட்டையாட்டவே இருக்குதுங்க. மூளியா உடக் கூடாது" என்று சந்தனத்தைக் குழைத்து அதற்கு மட்டும் பெரிதாக வைத்து நடுவில் குங்குமம் இட்டாள். பார்க்க லட்சணமாக இருந்தது.

அப்புறம் கைகழுவிக்கொண்டே, "நாளைக்கு விஜயதசமி. நானும் வாரனுங்க" என்றாள்.

அக்டோபர் 12, விஜயதசமி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாராவது கூட்டிச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுவது மேல்.

நல்ல நாள் என்பதால் புது வேட்டி. மடித்துக் கட்டிக்கொண்டேன். பேண்ட் எப்போதோ தைத்து வந்துவிட்டது. அதைப் பற்றி ஹெப்சிபாவும் கேட்பதை நிறுத்திவிட்டார். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது மாணவனான என் வேலை. ஹெப்சிபா போனில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல உள்ள ஓட்டைய பாத்தீங்களா ஸார்?"

"பாத்தேம்மா."

பொய் இல்லை. பார்த்தேன். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று போனால்தான் உயரம் காட்டும் முள் வேலை செய்யும் என்று பாடமும் நடந்திருக்கிறது. ஆனால் அதன்மேல் சிந்தாமணியின் பொட்டு இருந்தது. பெண்டாட்டி வைத்த பொட்டை, அதுவும் விஜயதசமி அன்று, புருஷன் தன் கையால் அழிப்பானா? சந்தனம்தானே, காய்ந்தால் தானாக உதிரும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பினோம். சிந்தாமணி பின்னால் கண்ணை மூடி முருகா முருகா என்று இருந்தாள். தரை விலகியதும் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்று. "ஏனுங்க, நம்ம பண்ணைங்க!" என்று என் தோளில் அடித்தாள். கல்யாணமான புதிதில் கூட அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. காற்று வழக்கம்போலத் தெற்கே இழுத்தது.

புங்கம்பாளையத்தை நெருங்கும்போதுதான் ஹெப்சிபா முள்ளைத் தட்டினார். மறுபடி தட்டினார். உயரம் காட்டும் முள் அசையவே இல்லை. அதன் கணக்குப்படி நாங்கள் இன்னும் கொட்டகை வாசலில் நிற்கிறோம். வேகம் காட்டும் முள்ளும் இல்லாத கணக்கைக் காட்டியது.

"ஸார், அந்த ஓட்டைய பாத்தேன்னு சொன்னீங்க?"

"பாத்தேன். அது மேல பொட்டு இருந்துச்சு."

"தொடைக்கலையா?"

"பொட்டும்மா."

"இயேசப்பா" என்றார்.

பின்னால் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. முள் இல்லாமல் அதற்குள் போக முடியாது, பக்கத்திலேயே இறங்கிவிட வேண்டும் என்றார். நான் பயந்துபோனேன். செத்துப்போவேன் என்றல்ல. பின்னால் அவள் இருக்கிறாள், முதல் முறையாக என்னை நம்பி ஏறியிருக்கிறாள் என்று.

"அந்தா பழைய ஓடுதளம் இருக்கு ஸார். யுத்த காலத்துல போட்டது. அங்கதான் எறங்கணும்."

"அது புங்கம்பாளையமாச்சேம்மா. வேற எடமே இல்லையா?"

"இருக்கு ஸார். அதுக்கு அங்கிட்டுப் பருத்திக் காடு."

இறக்கினார். வேகத்தைக் கண்ணாலும் காதாலும் பார்த்து, ஒரே தடவையில், குதிக்காமல். ஓடுதளத்தில் பாதிக்கு மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் நின்றோம். விசிறிக் காற்றில் சோளம் ஊர்முழுக்கப் பறந்தது.

ஹெப்சிபா இறங்கினார். சிந்தாமணியும் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கப் போனாள்.

"சிந்தாமணி, இது எந்த ஊருன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலீங்களே" என்று இறங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தாள். எண்ணைத் தேடவே இல்லை. மனப்பாடம்.

நான் இறங்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. சோளக்காரர் கையை வீசிக்கொண்டு வந்தார்.

"என்ற சோளத்தப் பூரா ஊதிப்போட்டீங்களே! எறங்கி வந்து பேசுங்க!"

"எறங்க முடியாதுங்க."

"ஏனுங்க, காலு வராதுங்களா?"

"அவருக்கு இந்த ஊரு மண்ணு ஆகாதுங்க" என்றாள் சிந்தாமணி தூரத்திலிருந்து.

"எங்கூரு மண்ணுக்கு என்னுங்க கொற? நல்ல செம்மண்ணு!" என்று அவருக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு பையன் எங்கிருந்தோ விளக்குமாறு கொண்டுவந்து, யாரும் சொல்லாமலே அவருடைய சோளத்தைக் கூட்டி அள்ள ஆரம்பித்தான். போட்டோவில் ஒரே ஒருமுறை பார்த்த முகம். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்க வேறு பக்கமே இல்லை, எல்லாப் பக்கமும் புங்கம்பாளையம்.

ஸ்கூட்டர் வந்து நின்றது. சுகந்தி. இளைத்திருந்தாள். இடுப்பில் பொடியன். நேராக விமானத்தை நோக்கி வந்தாள். ஐந்து வருஷமாக அவளிடம் பேசுவதற்கென்று மனசுக்குள் சேர்த்துவைத்த பேச்சு எவ்வளவோ. கடைசியில் வாயில் வந்தது, "விசிறிப் பக்கம் போகாத கண்ணு, பாத்து வா."

"சரிங்கப்பா" என்று அவளும் சுற்றி வந்தாள். கதவருகே நின்றாள். "எறங்க மாட்டீங்களா?"

"சொன்ன சொல்லு இருக்குது."

"எறங்க வேண்டாங்கப்பா. இவன் ஏறோணும்னு ஒரே அழுகை. செத்த புடிங்க."

என் பதிலுக்கு நிற்காமல் பொடியனைத் தூக்கி உள்ளே விட்டாள். ராத்திரி பெய்த மழையின் ஈரத்தில் எங்கேயோ விளையாடியிருக்கிறான், முழங்கால்வரை சேறு. என் மடியில் ஏறி நின்றான். முன்னால் இருந்த முள்ளெல்லாம் எட்ட வேண்டும் என்று எக்கினான், எட்டவில்லை, மறுபடி மிதித்து எக்கினான். புது வேட்டி தொடையெல்லாம் செம்மண். புங்கம்பாளையத்து மண் என்மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தது. விழாமல் இருக்க அவன் இடுப்பைப் பிடித்தேன். சின்ன இடுப்பு, சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை சன்னல் மூடித்தான் இருந்தது.

"இவனப் புடி, எறங்கறேன்" என்றேன்.

கம்பீரமாக இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஊரே பார்க்கிறது. ஒரு காலைப் படியில் வைத்தேன், வேட்டி நுனி கதவில் மாட்டியது, அப்படியே தலைகுப்புற விழுந்தேன். கால் படாது என்றவனுக்குக் கை, முழங்கால், நெற்றி எல்லாம் பட்டது. அந்த ஊருக்கு நெடுஞ்சாண்கிடையாக ஒரு நமஸ்காரம். சோளக்காரர் கோபத்தை மறந்து சிரித்தார். சுகந்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

கண்ணாடிப் பையன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தினான். என் முழங்காலைத் தட்டிவிட்டான்.

"அடிபட்டுதுங்களா மாமா?"

வாயில் புகுந்த மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"இல்லீங்க மாப்ள."

அக்டோபர் 15

இன்னும் இங்கேதான் இருக்கிறோம். ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தாயிற்று. முள்ளெல்லாம் சரி. ஆனால் வானம் சரியில்லை, இரண்டு நாள் கழித்துக் கிளம்பலாம் என்று, பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்ட ஹெப்சிபா போனில் சொல்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை. மாடியில் நல்ல வெயில். சுகந்தியும் நானும் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.